நகம் கழற்றிய ராத்தா

இதை எழுத வேண்டும் என்று முதலில் நினைத்தபோது என் இளைய மகள் குர்ஆன் மத்ரஸாவில் அலிஃப் எழுதிப் பழகிக்கொண்டிருந்தாள். இப்போது அவள் குர்ஆனை ஓதி முடித்து, இரண்டாம் தரம் ஓதுகிறாள். நான் இன்னும் முதல் வரியைத் தாண்டவில்லை. பேனாவை எடுப்பேன், பிஸ்மி சொல்வேன், வைத்துவிடுவேன். பெண்களுக்குத் தொழுகை இல்லாத நாட்களைப் பற்றி இதில் எழுத வேண்டியிருக்கிறது. ஆண்களும் வாசிப்பார்களே என்ற வெட்கம் ஒன்று. எங்கள் குடும்பத்துக்குள்ளேயே ஒருவரின் முகம் வாடுமே என்ற பயம் மற்றது. நான் அதிகம் படித்தவளும் இல்லை. அல்லாஹ் என் பிழைகளைப் பொறுப்பானாக.

போன மாதம் பெண்கள் பயானுக்கு, மார்க்கச் சொற்பொழிவுக்கு, போயிருந்தேன். பயான் முடிந்து பிளேன்டீ குடிக்கும் நேரம், மருதமுனையிலிருந்து வந்திருந்த ஒருத்தி பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னாள்:

“சாய்ந்தமருதுல நகம் போடுற பொம்பள ஒருத்தி இரிந்தாவாம் கா. கலியாணப் பொண்ணுட அஞ்சு விரல் நகத்தையும் குறட்டால புடுங்கிப் போட்டாவாம். பொண்ணு மயங்கி விழுந்திட்டாம்.”

“யா அல்லாஹ்! மறுகா?”

“மறுகா என்ன, மாப்பிள்ள ஊட்டார் திரும்பிப் போகப் பாத்தாங்களாம்.”

அந்தக் கலியாண வீட்டில், அந்த அறைக்குள், அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு இருந்தவள் நான். குறடு இல்லை. மயக்கம் இல்லை. ஐந்து விரலும் இல்லை. கோப்பையை வைத்துவிட்டு எழுந்து வந்தேன். வந்த கோபத்தில் பாதி, கதை சொன்ன அந்த மருதமுனைக்காரியின் மேல். மறுபாதி, இன்றைக்கும், அந்த நகம் போட்ட ராத்தாவின் மேல்தான்.

பெயரைச் சொல்லமாட்டேன். அக்காவை நாங்கள் ராத்தா என்போம்; சின்னவர் பெரியவர் எல்லோருக்கும் அவர் ராத்தா. கடலுக்குப் போகும் எங்கள் ஒழுங்கையில், எங்களுக்கு இரண்டு வளவு தள்ளி வீடு. எனக்குத் தெரிந்து அவர் தன் வாழ்க்கையில் எதையும் இழுத்துப் பிரித்ததில்லை. கடையில் சாமான் கட்டிக் கொடுக்கும் பையின் முடிச்சை நாமெல்லாம் பிய்த்துத்தானே திறப்போம்? ராத்தா அவிழ்ப்பார். உள்ளே ஐஸ் மீன் உருகித் தண்ணீர் ஒழுகும், பூனை காலைச் சுற்றும், அவர் நகநுனியால் முடிச்சை நெகிழ்த்திக்கொண்டு நிற்பார். புதுத் தட்டில் ஒட்டியிருக்கும் விலைத்துண்டைச் சுரண்டமாட்டார். எண்ணெய் தடவி வைத்துவிட்டு மறுநாள் வந்து பார்ப்பார். என் மகளின் முழங்காலில் ஒட்டிய பிளாஸ்டரை நான் ஒரே இழுப்பில் எடுக்கப் போனபோது என் கையைத் தட்டிவிட்டார்.

“என்னத்துக்கு இழுக்காய்? ஊறட்டும் புள்ள.”

தேங்காயெண்ணெய் ஊற்றி, அது ஊறும் வரைக்கும் என் மகளுக்கு யூனுஸ் நபியின் கதையை ஆரம்பித்தார். யூனுஸ் நபி மீனின் வயிற்றுக்குள் போய் வெளியே வந்தாயிற்று, பிளாஸ்டர் வரவில்லை. என் அடுப்பில் சோறு அடிப்பிடித்தது. அந்தச் சட்டியையும் பிறகு அவரே ஊறப்போட்டார்.

இப்படிப்பட்ட மனுஷிக்கு நகம் போடும் ஆசை எங்கிருந்து வந்தது என்றால், வெளிநாட்டில் ஒரு சலூனில் துண்டு துவைக்கப் போயிருந்தார். அங்கே பிலிப்பைன்காரப் பெண்கள் அக்ரிலிக் பொய் நகம் போடுவதைத் துண்டு மடிக்கும் சாட்டில் பார்த்துக்கொண்டே நிற்பாராம். திரும்பி வரும்போது ஒரு பை நிறையப் பவுடரும் லிக்விட்டும் பிரஷும் கொண்டுவந்தார். மிச்சத்தைப் போனில் பார்த்துப் பழகலாம் என்றார். பழக ஒரு கை வேண்டுமே? அதற்கு நான் அகப்பட்டேன்.

“ராத்தா, நான் தொழுகிறவள். இது நகத்துக்கு மேல கிடந்தா, தொழ முந்திக் கழுவக்குள்ள தண்ணி படாது. வுழு நிறைவேறாது. என்ன விடுங்க” என்றேன்.

“எனக்கு அது தெரியாதா? நான் தொழாதவளா? உனக்குத் தொழுக இல்லாத நாள்ல வா. குளிச்சுச் சுத்தமாக முந்தி நானே கழட்டி விடுவன்.”

“மருதோண்டி இரிக்கே ராத்தா, என்னத்துக்கு இந்த அரியண்டம்?”

“மருதோண்டி எல்லா நாளைக்கும் ஆகும். பொம்பளக்கி மாசத்தில கொஞ்ச நாள் அல்லாஹ் லீவு குடுத்திரிக்கான். அந்த லீவுல கை வடிவா இரிந்தா உனக்கென்ன நட்டம்?”

நட்டம் எனக்குத்தான் தெரியும். அந்த லிக்விட்டின் மணம் மூக்கில் ஏறினால் பொரித்த மீனும் அந்த மணம், தலையணையும் அந்த மணம். அதைவிட, என் விரலில் நகம் ஏறினால் வீட்டில் எல்லோருக்கும் விஷயம் தெரிந்துவிடும். மகளின் வாப்பா என் கையைப் பார்ப்பார், அடுத்த நாள் விடிய சுபஹுத் தொழுகைக்கு என்னை எழுப்பாமல் தானே எழுந்து போவார். நல்ல மனுஷன். எனக்கோ வெட்கத்தில் போர்வையை விட்டு வெளியே வர மனமிருக்காது.

பழகத் தொடங்கிய காலத்தில் ராத்தா ஒவ்வொரு மாதமும் ஒவ்வொன்றைத்தான் உலகத்திலேயே கஷ்டமான வேலை என்பார்.

முதலில் உருண்டை. பிரஷை லிக்விட்டில் நனைத்துப் பவுடரைத் தொட்டால் நுனியில் ஒரு சின்ன உருண்டை திரள வேண்டும். லிக்விட் கூடினால் ஓடித் தோலில் வடியும். குறைந்தால் தண்ணீர் காணாத புட்டு மாப்போல உதிரும். என் பெருவிரலில் அவர் வைத்த முதல் உருண்டை, வைத்த இடத்திலேயே கல்லாகி, யாரோ மென்று துப்பிய சூயிங்கம் போல நின்றது. அடுத்தது விரலிடுக்கில் ஓடியது. “இதுதான் புள்ள எல்லாத்திலயும் கஷ்டம்” என்றார். சரி என்று பொறுத்தேன்.

உருண்டை கைவந்ததும் கரை வந்தது. நகத்தின் அடிப்பக்கத்தில் தோலைத் தொடாமல் மயிரிழை விட்டு, ஆனாலும் நகத்தோடு நகமாகக் கரைந்துபோக வேண்டுமாம். தோலில் பட்டால் கொஞ்ச நாளில் விளிம்பு கிளம்பும். “இதுதான் எல்லாத்திலயும் கஷ்டம்” என்றார்.

“போன மாசம் உருண்டையத்தானே சொன்னீங்க?”

“போன மாசம் எனக்குக் கரையப் பத்தித் தெரியாதுதானே.”

பிறகு மேடு. நகத்தைப் பக்கவாட்டில் பார்த்தால், கரையில் கவிழ்த்துப் போட்ட தோணியின் முதுகுபோல, சரியான இடத்தில் ஒரு மேடு இருக்க வேண்டுமாம். அந்த மேடு இல்லாவிட்டால் நகம் பாரம் தாங்காது, வாளி தூக்கினாலே முறியும். முன்னால் தள்ளிப்போனால் கிளி மூக்கு. அந்த மேட்டுக்காக அவர் பட்ட பாட்டைவிட நான் பட்ட பாடு பெரிது. ஒரு மௌத்து வீட்டில், மையித்தை அடக்க எடுத்துக்கொண்டு போனதும், அழுதுகொண்டே அவருக்கு ஸலாம் சொல்லிக் கையை நீட்டினேன். கையைப் பிடித்தவர் அப்படியே ஜன்னல் பக்கம் திருப்பி, ஒற்றைக் கண்ணை மூடி என் நகத்தைப் பார்த்தார்.

“நடுவிரல் மேடு சரிஞ்சிரிக்கி. நாளைக்கி வா.”

“ராத்தா! மௌத்து ஊடு!”

“ஓம், அதான் நாளைக்கி எண்டன்.”

மேட்டுக்குப் பிறகு, பத்தும் ஒன்றுபோல வர வேண்டும் என்ற கஷ்டம். அதில் ஒன்பது வந்து ஒன்று வராவிட்டால் அந்த ஒன்பதையும் அரத்தால் ராவத் தொடங்குவார். கடைசியில், ஒரு நாள், பெரிய உண்மையைக் கண்டுபிடித்தவர் போலச் சொன்னார்:

“போடுறது ஒண்டும் கஷ்டமில்ல புள்ள. கழட்டுறதுதான்.”

மேலால் கொஞ்சம் ராவி, பஞ்சை அசிட்டோனில் நனைத்து நகத்தில் வைத்து, ஈயத்தாளால் விரலைச் சுற்றி, காத்திருக்க வேண்டும். அது கூழாக நெகிழ்ந்து தானாக வழுக்கி வர வேண்டும். நெகிழ முந்தி நெம்பினால் அடியிலிருக்கும் சொந்த நகமும் படையாக உரிந்து வரும். ஈயத்தாள் சுற்றிய பத்து விரலையும் நீட்டிக்கொண்டு அவர் முன்னால் நான் இருந்த நேரங்களை நினைத்தால் இப்போதும் எரிச்சல் வருகிறது. மூக்கைச் சொறிய ஏலாது. போன் அடித்தால் எடுக்க ஏலாது. அவர் ஒரு விரலைத் திறந்து பார்ப்பார், போதும் போலத்தான் இருக்கும், மறுபடியும் சுற்றிவிடுவார்.

“ஊறட்டும் புள்ள.”

தன் வீட்டு முன்னறையில் திரைபோட்டுத் தொழில் தொடங்கினார். பஸார்க் கடைகளில் கேட்டவருக்கெல்லாம் போட்டு அனுப்புவார்கள். ராத்தாவிடம் முதற் கேள்வியே, “இப்ப தொழுக இரிக்கா, இல்லயா?” மெதுவாகக் கேட்டாலாவது பரவாயில்லை. ஒருநாள் மாமியோடு வந்த மருமகளிடம் ஒழுங்கைக்கே கேட்கும்படி கேட்டார். மாமிக்காரி சீலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு கேற்றடியில் போய் நின்றாள். தொழுகை இருக்கிறது என்றால் போடமாட்டார். இல்லை என்றால் போடுவார்; போட்டுவிட்டு, எப்போது கழற்ற வருவாய் என்று கேட்டுவைப்பார். சொன்ன நாளில் வராவிட்டால் அவர்களின் வீட்டுக்கே போவார். பஞ்சும் அசிட்டோனும் ஈயத்தாளும் கொண்டு, பகல் சாப்பாட்டு நேரத்தில், பந்தியிலிருக்கும் ஆம்பிளைகளைத் தாண்டிக் குசினிக்குள் போவார்.

“இப்பிடிச் செய்தா ஆரு ராத்தா உங்கட்ட வருவா?” என்றேன்.

“வராட்டிப் போகட்டும். என்ட நகம் ஒருத்திட தொழுகைக்கு மேல ஏறி இரிக்கப்படாது.”

இந்த மனுஷியைத்தான் ஊர் இப்போது குறடோடு சேர்த்துக் கதைக்கிறது.

மணப்பெண் என் மதினியின் மகள். என் கணவருடைய மூத்த சகோதரிதான் என் மதினி. மாப்பிள்ளை அக்கரைப்பற்று. மாப்பிள்ளையின் தங்கச்சி தன் கலியாணத்துக்கு நீள நகம் போட்டு எடுத்த படத்தை மதினிக்குக் காட்டியிருக்கிறாள். அன்றிலிருந்து மதினிக்கு நித்திரை இல்லை. வீடு கட்டியாயிற்று, நகை செய்தாயிற்று, நகத்தில் குறைந்துபோகலாமா? ராத்தாவைக் கூப்பிட்டு அனுப்பினார்.

கலியாணத்தன்று காலையில் ராத்தா வந்து பெண்ணிடம் வழக்கமான கேள்வியைக் கேட்டார். பெண் குனிந்தாள். மதினி முந்திக்கொண்டார்.

“இல்ல இல்ல, அவக்குத் தொழுக இல்ல. நேத்துத்தான் வந்த.”

“புள்ள சொல்லட்டுமே.”

“உம்மா நான் சொல்றன், காணாதா?”

பெற்ற தாய் சொல்லும்போது அதற்கு மேல் என்ன கேட்பது? ராத்தா பிஸ்மி சொல்லித் தொடங்கினார். அன்றைக்கு அவர் போட்டதைப் போல நான் எங்கும் கண்டதில்லை. உருண்டை, கரை, மேடு, பத்தும் ஒன்றுபோல, எல்லாம் வந்திருந்தது. ஜன்னலடியில் வைத்துப் பார்த்துவிட்டு, அவரே மெல்ல “மாஷா அல்லாஹ்” என்றார். தன் வேலைக்கு அவர் அப்படிச் சொல்லி நான் கேட்டது அந்த ஒரு தரம்தான்.

நண்பகல் தொழுகையான லுஹருக்குப் பாங்கு சொன்னது. மதினி பின் வளவில் புரியாணிச் சட்டிகளோடு நின்றார். அறைக்குள் நாங்கள் மூன்று பேர். பாங்கு முடிந்ததும் பெண் அழத் தொடங்கினாள்.

“ராத்தா, நான் சுத்தமாத்தான் இரிக்கன். எனக்குத் தொழுக இரிக்கி. உம்மா பொய் சொன்ன.”

பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு நிக்காஹ்; அஸரோடு லுஹரின் நேரமும் முடிந்துவிடும். ராத்தா அந்தப் பத்து நகத்தையும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். ஏசவில்லை.

“என்ன செய்வம் மகள்? நீதான் சொல்லணும்.”

“கழட்டுங்க. நான் வாழத் தொடங்குற நாள்ல லுஹர் இல்லாம ஏலா.”

ராத்தா பையைத் திறந்தார். மேலால் ராவினார், பஞ்சு வைத்தார், நான் ஈயத்தாள் சுற்றினேன். பிறகு அந்தப் பாழாய்ப்போன காத்திருப்பு. வெளியே கதிரைகள் இழுக்கும் சத்தம், வாகனச் சத்தம். என் கண் மணிக்கூட்டில். அவர் வலது கையின் முதல் விரலைத் திறந்து பார்த்தார். நெகிழ்ந்திருந்தது. சுண்டினால் வரும்போல எனக்குத் தோன்றியது. மறுபடியும் சுற்றினார்.

“ராத்தா, கெதியா! நேரம் போகுது!”

“நேரம் இரிக்கி. ஊறட்டும்.”

அப்போதுதான் கதவைத் தள்ளிக்கொண்டு மதினி வந்தார். மகளின் விரலெல்லாம் ஈயத்தாள்.

“என்ன வேல பாக்கிறீங்க? மாப்பிள்ள ஊட்டார் கூறச்சீலையோட வந்திட்டாங்க! எடு கைய!”

“மதினி, தொடாதீங்க!” என்றேன். மகளின் வலது கையைப் பறித்தார். கையில் பட்ட ஈயத்தாளைப் பிடித்து இழுத்தார். அது மோதிர விரல். நெகிழ்ந்தும் நெகிழாமலும் இருந்த நகம், அடியிலிருந்த சொந்த நகத்தின் ஒரு பக்கத்தையும் தூக்கிக்கொண்டு வந்தது. பெண் கத்தினாள். இரத்தம்.

சத்தம் கேட்டு மாப்பிள்ளையின் தங்கச்சி முதலாளாக உள்ளே ஓடிவந்தாள். அவளுக்குப் பின்னால் அறை நிறையப் பெண்கள்.

“என்ன நடந்த மாமி?”

மதினியின் முகத்தை நான் பார்த்தேன். கெட்ட மனுஷி இல்லை அவர். பயந்துபோன மனுஷி. சம்பந்தி வீட்டுப் பெண்ணின் முன்னால், கலியாண நாளில் மகளின் தொழுகையை மறைத்தேன், இழுத்தது நான்தான் என்று எப்படிச் சொல்வது?

“இந்தப் பொம்பள என்ட புள்ளட நகத்தப் பிச்சுப் போட்டா.”

அத்தனை கண்ணும் ராத்தாவின் மேல். நான் வாய் திறந்தேன். பெண் என் கையை இறுக்கினாள். “மாமி, உம்மா பாவம்” என்று எனக்கும் ராத்தாவுக்கும் மட்டும் கேட்கச் சொன்னாள். ராத்தா அந்த விரலில் பஞ்சை வைத்து அமத்திப் பிடித்துக்கொண்டிருந்தார். தலையைத் தூக்காமல் சொன்னார்:

“மத்தக் கை இன்னும் ஊறல்ல. ஆரும் தொடாதீங்க.”

அவ்வளவுதான். தனக்காக ஒரு வார்த்தை இல்லை. அறை முழுக்க முணுமுணுப்பு நடக்க, மிச்ச ஒன்பதையும் அவர் வழக்கம்போல, ஒன்றையும் நெம்பாமல், ஒவ்வொன்றாகக் கழற்றினார். அந்த ஒன்பது நகத்திலும் ஒரு கீறல் இல்லை. விரலுக்குக் கட்டுப் போட்டு, கட்டின் மேல் ஈரக் கையால் தடவி, பெண் வுழு எடுத்தாள். அஸர் பாங்குக்கு முந்தி லுஹர் தொழுதாள். அல்ஹம்துலில்லாஹ். நிக்காஹ் நடந்தது, குரவை போட்டார்கள், மோதிரம் இடது கையில் ஏறியது. யாரும் திரும்பிப் போகப் பார்க்கவில்லை. ராத்தா சாப்பிடாமல் பின் வளவால் போனார்.

பிறகு ராத்தாவின் முன்னறைக்கு ஒருவரும் வரவில்லை. பஸாரில் அவரைக் கண்டால் பெண்கள் கையை அபாயாவுக்குள் இழுத்துக்கொண்டு சிரித்தார்கள். நான் பொறுக்காமல் ஒருநாள் அவர் வீட்டுக்குப் போய்ச் சத்தம் போட்டேன். அவர் அடிப்பிடித்த சட்டிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

“ஒரு சொல்லுச் சொல்லுங்க ராத்தா! உங்கட தொழில் போகுது, பேர் போகுது. நான் சாட்சி சொல்லுவன்.”

“ஊறட்டும் புள்ள.”

“எது ஊற? எவ்வளவு காலத்துக்கு ஊற?”

“லேசாகும் மட்டும். அந்தப் புள்ள மாப்பிள்ளையோட அவட உம்மாட ஊட்டதான் வாழணும். இப்ப நீ இழுத்தா அவட நகமும் சேந்து வரும்.”

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்தச் சட்டியைத் தூக்கி எறிந்திருப்பேன். கொஞ்ச காலத்தில் அவர் மறுபடியும் வெளிநாட்டுக்குப் போனார். போகிற அன்று வான் வாசலில் ஹோன் அடிக்கிறது. இவர் பெட்டியில் யாரோ கட்டிய கயிறு இறுகிவிட்டது என்று முடிச்சை அவிழ்த்துக்கொண்டு இருக்கிறார். கத்தியை எடுத்து நீட்டினேன். வாங்கவில்லை. அவிழ்த்துத்தான் போனார். கொஞ்ச காலம் பெருநாளைக்குப் போனில் அவர் குரல் வந்தது. பிறகு அந்த நம்பர் வேலை செய்யவில்லை. எங்கே இருந்தாலும் அல்லாஹ் அவரை நல்லபடி வைப்பானாக.

பயானில் கேட்டதை மதினியின் மகளுக்குப் போனில் சொன்னேன். குறடு, ஐந்து விரல், மயக்கம் எல்லாம் சொன்னேன். அவள் கேட்டுவிட்டுப் போனை வைத்தாள். அடுத்த நாள் அவளே எடுத்தாள்.

“மாமி, நீங்க எழுதுங்க. உம்மாட்டக் கேட்டன்.”

“என்ன சொன்னா?”

“கொஞ்ச நேரம் என்ட விரலப் பிடிச்சிக்கிட்டு இரிந்தா. மறுகா, ‘இழுத்தது நான்தான் எண்டு எழுதச் சொல்லு, பேர மட்டும் போட வேணாம்’ எண்டா.”

நான் போனை வைத்துவிட்டுப் பேனாவை எடுத்தேன். ஒருவரும் நெம்பவில்லை, தானாகத்தான் வந்திருக்கிறது. ராத்தா சொன்னது சரியாகிவிட்டது என்பதில் எனக்கு இன்னும் எரிச்சல்தான். இவ்வளவு காலம் எடுத்திருக்க வேண்டாம், ராத்தா. உங்கள் பேர் அல்லவா இத்தனை நாளும் அசிட்டோனில் கிடந்தது?

வாசிக்கிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன். அந்தக் கதையை உங்களிடம் யாராவது சொன்னால், இதைச் சொல்லுங்கள். இரக்கப்பட்டு ராத்தாவை ஒரு மகான், அவுலியா என்று ஆக்கவும் வேண்டாம், கோபப்பட்டு என் மதினியை ஏசவும் வேண்டாம். கூடினாலும் பிழை, குறைந்தாலும் பிழை. நான் எழுதியபடியே சொல்லுங்கள்: பெண் லுஹர் தொழக் கேட்டாள். ராத்தா கழற்றினார். பயந்துபோன ஒரு தாய் இழுத்தார். வலது கை மோதிர விரல். அந்த ஒரு விரல்தான்.